தஞ்சோங் பகார் புகைவண்டி நிலையம்: தளர்ச்சியும் மறுமலர்ச்சியும்

ஊருக்கு ஊர் கோயில்களும் கோட்டைகளும் வரலாறு கூறுவதுபோலவே, புகைவண்டி நிலையங்களும் வரலாறு கூறும். ஆயினும் இவ்விரண்டிற்கும் ஒரு வேறுபாடு உண்டு. கோட்டை பாழடைந்த பின்னும் கோட்டையே. மன்னன் இல்லாவிட்டாலும் மதில் நின்றால் போதும். புகைவண்டி நிலையமோ வருவோரும் போவோரும் இருக்கும்வரைதான் நிலையம். வண்டி நின்றுவிட்டால், சுவர் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அது வேறொரு பொருளாகிவிடுகிறது. சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் நிலையம் இந்த உண்மைக்குத் தக்க சான்றாகும். 1932-ஆம் ஆண்டு மே திங்களில் திறக்கப்பெற்று, 2011-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் இரவு கடைசி வண்டியை அனுப்பிவிட்டு ஓய்ந்த இந்நிலையம், 79 ஆண்டுகள் தீவையும் தீபகற்பத்தையும் இணைத்து நின்றது. அதன் அடியிலேயே இப்பொழுது புதியதொரு நிலையம் அமைந்துள்ளது. பழைய நிலையம் ஏன் தளர்ந்தது, அது மீண்டும் உயிர் பெறுமா என்னும் இரண்டு வினாக்களுக்கும் விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்னோடிப் பாதைகள்

மலாயாவின் முதல் புகைவண்டி 1885-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் பேராக் மாநிலத்தில் ஓடியது. தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டு துறைமுகம்வரை சென்ற அப்பாதை ஏறத்தாழ எட்டு மைல் நீளமே உடையது. ஈயத்தைச் சுரங்கத்திலிருந்து கடற்கரைக்குக் கொண்டுசேர்ப்பதே அதன் வேலை. தொடக்கத்தில் மலாயாவின் பாதைகள் எல்லாம் இவ்வாறே உள்நாட்டிலிருந்து மேற்குக் கரைத் துறைமுகங்களை நோக்கிச் சென்ற சிறு கிளைகளாக இருந்தன. பின்னரே அவை வடக்குத் தெற்காக இணைக்கப்பெற்று ஒரே நெடும்பாதை ஆயின. 1901-இல் ஐக்கிய மலாய் மாநில இரயில்வே என்னும் பொது நிறுவனம் உருவாயிற்று. 1909-இல் ஜொகூர் மாநிலப் பாதை நிறைவெய்தவே, பினாங்குக்கு எதிர்க்கரையிலுள்ள பிறையிலிருந்து ஜொகூர் பாருவரை வண்டி தடையின்றி ஓடலாயிற்று.

சிங்கப்பூரின் கதை இதனின்றும் சிறிது வேறுபட்டது. இங்கே 1903-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் டேங்க் ரோட்டிலிருந்து புக்கிட் தீமாவரை முதற்பாதை திறக்கப்பெற்றது. அதே ஆண்டில் அது உட்லண்ட்ஸ் கரையை எட்டியது. டேங்க் ரோடு என்றதும் நம்மவர் நெஞ்சில் முதலில் தோன்றுவது செட்டியார் சமூகத்தினர் 1859-இல் எழுப்பிய தண்டாயுதபாணி கோயிலேயாகும். அக்கோயில் இருக்கும் அதே சாலையில்தான் சிங்கப்பூரின் முதல் முனைய நிலையமும் இருந்தது. அன்று வடக்கே செல்லும் பிரயாணி உட்லண்ட்ஸில் இறங்கி, நீரிணையைப் படகில் கடந்து, ஜொகூர் பாருவில் மீண்டும் வண்டி ஏறவேண்டும்.

இந்தத் தடையை நீக்கியது ஜொகூர்ப் பாலம். பாலம் என்று வழங்கினும் அது உண்மையில் கருங்கல் கொட்டி எழுப்பிய அணைவழியே. 1919-இல் தொடங்கிய வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, 1923 செப்டம்பரில் சரக்கு வண்டிகளும், அக்டோபர் முதல் நாள் பிரயாணிகள் வண்டியும் அதன்மேல் ஓடத் தொடங்கின. 1924-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் நாள் முறைப்படி திறப்பு வைபவம் நடைபெற்றது. அன்று முதல் சிங்கப்பூர் தீவாக இருந்தும் தீபகற்பத்தின் தென்முனையாயிற்று. நகரின் நடுவே, குறுகிய இடத்தில், துறைமுகத்திற்குத் தொலைவில் இருந்த டேங்க் ரோடு நிலையம் இந்தப் புதிய நிலைக்குப் போதவில்லை. எனவே, கப்பல் துறைக்கு அருகிலுள்ள தஞ்சோங் பகாரில் பெரியதொரு முனையம் அமைக்கவும், புக்கிட் தீமாவிலிருந்து அதற்குப் புதுவழி இடவும் தீர்மானித்தனர்.

1932-ஆம் ஆண்டின் மாளிகை

சுவான் அண்டு மெக்லாரன் என்னும் கட்டடக்கலை நிறுவனத்தைச் சேர்ந்த டி. எஸ். பெத்ரோவிச் வரைந்த திட்டப்படி நிலையம் எழுந்தது. 1932-ஆம் ஆண்டு மே 2-ஆம் நாள் ஆளுநர் சர் சிசில் கிளமெண்டி அதனைத் திறந்துவைத்தார். மறுநாள் வண்டிகள் ஓடத் தொடங்கின. உலகெங்கும் வணிகம் சுருங்கி, இரப்பர் விலையும் ஈய விலையும் வீழ்ந்துகிடந்த காலம் அது. அக்காலத்தில் இத்தகைய மாளிகையை எழுப்பியது, வருங்காலத்தின்மேல் ஆட்சியாளர் வைத்த நம்பிக்கையைக் காட்டுகிறது.

முகப்பில் நான்கு வெண்பளிங்கு உருவங்கள் நிற்கின்றன. வேளாண்மை, தொழில், வணிகம், போக்குவரத்து ஆகிய நான்கையும் அவை குறிக்கும். அவற்றோடு எஃப், எம், எஸ், ஆர் என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் பொறிக்கப்பெற்றுள்ளன. ஐக்கிய மலாய் மாநில இரயில்வே என்னும் பெயரின் முதலெழுத்துகளே அவை. உள்ளே நடுமண்டபம் தூண் இடையிடாது, வளைந்த கூரையுடன் மூன்று மாடி உயரம் எழுகிறது. அதன் சுவர்களில் நெல் நடுதலும், இரப்பர் மரம் சீவுதலும், தேங்காய் உலர்த்தலும், ஈயம் எடுத்தலும், கப்பலில் சரக்கு ஏற்றுதலும் வண்ண ஓவியங்களாக விளங்குகின்றன. நெடிய அஞ்சல் வண்டிகள் முழுநீளமும் நிற்கத்தக்க நடைமேடைகளும், மேல்மாடியில் பிரயாணிகள் தங்கும் விடுதியும் இருந்தன.

இங்கே ஆசிரியர்கள் மாணவர்க்கு எடுத்துக்காட்டத்தக்க செய்தி ஒன்று உண்டு. ஐக்கிய மலாய் மாநிலங்கள் என்பன பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்குமே. சிங்கப்பூரோ நீரிணைக் குடியேற்றங்களுள் ஒன்று. அஃதாவது, நிலையம் நின்ற ஊர் ஒன்று. நிலையத்தின் முகப்பில் பெயர் பொறித்துக்கொண்ட நிறுவனம் மற்றோர் ஆட்சிப் பகுதிக்கு உரியது. 1918-இல் இயற்றப்பெற்ற ஒரு சட்டத்தின்வழி சிங்கப்பூர்ப் பாதையும் அதனைச் சார்ந்த நிலமும் அந்நிறுவனத்தின் வசமாயின. இரண்டு பகுதிகளும் ஒரே பிரிட்டிஷ் முடியின்கீழ் இருந்தமையால் அன்று எவரும் இதைப் பெரிதாக எண்ணவில்லை. பிற்காலத்தில் நிலையத்தின் தலைவிதியை நிர்ணயித்தது இந்த நான்கு எழுத்துகளின் பின்னே இருந்த உரிமையே.

பாதையைப் பேணிய கைகள்

மண்டபத்துச் சுவரில் உழைப்பாளர் பலர் காட்சி தருகின்றனர். பாதையையே அமைத்துப் பேணிய உழைப்பாளரைப் பற்றி வரலாற்று நூல்கள் சில வரிகளே கூறுகின்றன. காடு திருத்தி, மேடு வெட்டி, பள்ளம் தூர்த்து, சல்லி பரப்பி, கட்டை அடுக்கி, தண்டவாளம் பூட்டிய கூலிகளுள் மிகப் பெரும்பகுதியினர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர். நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கில் கரையிறங்கி, அங்கிருந்து தோட்டங்களுக்கும் பொதுப்பணிக்கும் இரயில்வேக்கும் பிரிந்து சென்றவர்கள் அவர்கள். மழையிலும் வெயிலிலும் பாதையோரம் நடந்து, தளர்ந்த ஆணியை இறுக்கி, மண் சரிந்த இடத்தைச் செப்பனிட்டவர்களும் அவர்களே. எழுத்தர், நிலைய அதிகாரி முதலிய பதவிகளில் யாழ்ப்பாணத் தமிழர் பலர் இருந்தனர். கோலாலம்பூரில் செந்தூல் பணிமனையைச் சுற்றியும் பிரிக்பீல்ட்ஸ் பகுதியிலும் தமிழ்க் குடியிருப்புகள் வளர்ந்ததற்கு இரயில்வேயும் ஒரு முக்கியமான காரணமாகும்.

சிங்கப்பூரில் இதற்கு அழகியதொரு சான்று உள்ளது. தஞ்சோங் பகார் மாளிகை திறக்கப்பெற்ற அதே 1932-ஆம் ஆண்டில், குவீன்ஸ்வே அருகே இருப்புப்பாதையோரம் குடியிருந்த இரயில்வேத் தொழிலாளர்கள் மரத்தாலான சிறு குடில் ஒன்று அமைத்து முனீஸ்வரரை வழிபட்டு வந்தனர். எல்லையில் நின்று காக்கும் தெய்வம் முனீஸ்வரர் என்பது நம் நாட்டார் நம்பிக்கை. நச்சுப் பாம்புக்கும் இருளுக்கும் வண்டிச் சக்கரத்திற்கும் இடையே வேலை செய்தவர்கள் காவல் தெய்வத்தை நாடியதில் வியப்பில்லை. அந்தக் குடில் காலப்போக்கில் கட்டடமாயிற்று. சாலைப் பணியின் பொருட்டுப் பழைய இடத்தை விட்டு நீங்க நேர்ந்தபோது அடியார்கள் கைவிடவில்லை. 1998-இல் காமன்வெல்த் டிரைவில் புதுக்கோயில் கண்டனர். இன்று ஆயிரக்கணக்கானோர் வழிபடும் ஆலயமாக அது விளங்குகிறது.

ஒரே பாதையில், ஒரே ஆண்டில் தோன்றிய இரண்டு கட்டடங்களை ஒப்புநோக்குக. ஒன்று பளிங்கும் ஓவியமும் கொண்டு அரசாங்கம் கட்டியது. மற்றொன்று பலகை கொண்டு கூலிகள் கட்டியது. முன்னது நின்ற இடத்திலேயே நின்றும் மௌனமாயிற்று. பின்னது இடம் பெயர்ந்தும் தழைத்தது. தன்னை நாடி வரும் மக்களை ஒன்று இழந்தது, மற்றது இழக்கவில்லை. வேறு காரணம் தேட வேண்டியதில்லை. நிலையத்தின் மறுமலர்ச்சியைப் பற்றி எண்ணும்போது இந்த ஒப்பீட்டை நாம் மறத்தலாகாது.

போர்க்காலத்துத் துயரம்

1942 சனவரி 31-ஆம் நாள், பின்வாங்கிய பிரிட்டிஷ் படையினர் ஜொகூர்ப் பாலத்தின் ஒரு பகுதியை வெடிவைத்துத் தகர்த்தனர். பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. பாலத்தை விரைவிலேயே செப்பனிட்ட ஜப்பானியர், இருப்புப்பாதையைத் தம் போர்த்தேவைக்குப் பயன்படுத்தினர். சயாம்–பர்மா இரயில் பாதை அமைப்பதற்காகப் போர்க்கைதிகள் சிங்கப்பூரிலிருந்து காற்றும் ஒளியும் புகாத சரக்குப் பெட்டிகளில் அடைக்கப்பெற்று வடக்கே அனுப்பப்பட்டனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாயிரவர் அவ்வாறே இரயிலேற்றப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் முடிவதற்குள் காலராவும் பசியும் அடியும் அவர்களுள் பெருந்தொகையினரைக் கொண்டுபோயின. மனிதரோடு தண்டவாளங்களும் சென்றன. மலாயாவின் கிழக்குக்கரைப் பாதையில் ஒரு பகுதியும் மலாக்காக் கிளைப்பாதையும் பெயர்த்தெடுக்கப்பட்டு அங்கே கொண்டுசெல்லப்பட்டன.

மலாயாவை வளப்படுத்த இட்ட பாதையே மலாயா மக்களை மரணத்திற்கும் ஏற்றிச் சென்றது. வெளிநாட்டுக் கைதிகளின் துயரம் நூல்களாகவும் திரைப்படங்களாகவும் உலகறிந்தது. தோட்டத் தமிழரின் துயரமோ நெடுநாள் வரை வீட்டுத் திண்ணையில் முதியோர் சொல்லும் கதையாகவே இருந்துவந்தது. நிலையத்தின் வரலாறு எழுதுவோர் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் விடுதல் நேர்மையாகாது.

தளர்ச்சி வந்த வழி

போர் முடிந்தபின் நிலையம் மீண்டும் களை கட்டியது. இரவு அஞ்சல் வண்டியில் கோலாலம்பூருக்குப் புறப்படுவோரும், காலையில் பெட்டியும் படுக்கையுமாக இறங்குவோரும் மண்டபத்தை நிறைத்தனர். இருபுறமும் உறவினர் உடைய தமிழ்க் குடும்பங்களுக்குத் திருமணம், பொங்கல், தீபாவளி, இழவு எல்லாவற்றிற்கும் இதுவே வாயில்.

தளர்ச்சிக்குப் பலர் கூறும் காரணம் சாலை. அதில் உண்மை இருக்கிறது. இருப்புப்பாதை ஒற்றைப் பாதை; எதிரே வரும் வண்டிக்கு வழிவிட நிலையந்தோறும் காத்திருக்க வேண்டும். பாதையின் அகலமும் ஒரு மீட்டரே. 1994-இல் தீபகற்பத்தின் வடக்குத் தெற்கு விரைவுச்சாலை முழுமையாகத் திறக்கப்பெற்றபின், சொகுசுப் பேருந்து இரயிலை எளிதில் முந்தியது. வசதி படைத்தோர் விமானத்தை நாடினர். எனினும், சாலைப் போட்டி உலகெங்கும் உண்டு; அதனால் எல்லா முனையங்களும் மூடப்படவில்லை. தஞ்சோங் பகாருக்கு நேர்ந்ததற்கு மூலகாரணம் முன்னே கூறிய நில உரிமையே.

1965 ஆகஸ்டு 9-ஆம் நாள் சிங்கப்பூர் தனிநாடாயிற்று. அன்றோடு தஞ்சோங் பகார் நிலையமும், அங்கிருந்து உட்லண்ட்ஸ்வரை செல்லும் பாதையும் ஒரு நாட்டின் எல்லைக்குள் இருக்கும் மற்றொரு நாட்டு நிறுவனத்தின் சொத்தாயின. நிலத்தை உடையவர்க்கு ஊரை ஆளும் அதிகாரம் இல்லை. ஊரை ஆள்பவர்க்கு நிலத்தின்மேல் உரிமை இல்லை. இத்தகைய இடத்தில் நிலையத்தைப் புதுப்பிக்கப் பெரும்பொருள் செலவிட யார் முன்வருவர்? எந்த நாளும் நிலையத்தை விட்டு நீங்க நேரலாம் என்னும் எண்ணம் ஒருபுறமும், எந்த நாளும் நிலம் கைக்கு வரலாம் என்னும் எதிர்பார்ப்பு மறுபுறமுமாக ஆண்டுகள் கழிந்தன. சுண்ணாம்பு உதிர்ந்தது, ஓவியங்கள் மங்கின.

1990 நவம்பர் 27-ஆம் நாள் இரு நாடுகளும் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. தஞ்சோங் பகாரிலிருந்து நிலையம் பெயரும் என்பதும், விடுபடும் நிலங்களை இருவரும் 60-க்கு 40 என்னும் பங்கில் கூட்டாக மேம்படுத்துவது என்பதும் அதன் சாரம். ஆனால் எப்பொழுது பெயர்வது என்பதில் இருதரப்பாரும் வெவ்வேறு பொருள் கொண்டனர். இந்த ஒரு சொல்லின் பொருளைத் தீர்க்க ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின.

இடையே ஒரு விந்தையும் நிகழ்ந்தது. 1998 ஆகஸ்டு முதல் சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சோதனையை உட்லண்ட்ஸுக்கு மாற்றிக்கொண்டது. மலேசியாவின் சோதனையோ தஞ்சோங் பகாரிலேயே நீடித்தது. இதனால் வடக்கே செல்லும் பிரயாணி, சிங்கப்பூரை விட்டு வெளியேறுமுன்னரே மலேசியாவில் நுழைந்ததற்கான சோதனையை முடித்துக்கொண்டு வண்டியேற வேண்டியதாயிற்று. சட்ட நூலார் இதைச் சிக்கல் என்பர். பாமரரோ சிரித்துவிட்டு வண்டியேறினர். நிலையம் எந்த நாட்டுக்கு உரியது என்னும் ஐயம் அதன் வாசலிலேயே நாள்தோறும் அரங்கேறியது என்று கூறின் மிகையாகாது.

2010 மே 24-ஆம் நாள் பிரதமர்கள் லீ சியன் லூங்கும் நஜீப் ரசாக்கும் முடிவு கண்டனர். 2011 ஜூலை முதல் நாளுக்குள் முனையம் உட்லண்ட்ஸுக்குப் பெயரும். இரயில்வே நிலங்களுக்கு ஈடாக நகரின் மரினா சவுத், ஓஃபிர்–ரோச்சோர் பகுதிகளில் கூட்டு நிறுவனத்திற்கு நிலம் கிடைக்கும் என்பன அதன் கூறுகள். மரினா ஒன், டியூவோ என்னும் அடுக்குமாடிக் கட்டடங்கள் அந்த நிலங்களில்தாம் எழுந்தன. 2011 ஜூன் 30-ஆம் நாள் இரவு, ஜொகூர் சுல்தான் இப்ராஹிம் தாமே இயந்திரத்தை ஓட்டிக் கடைசி வண்டியைக் கொண்டுசென்றார். நடைமேடையில் திரண்ட கூட்டத்தில் அந்த வண்டியில் என்றுமே பயணம் செய்யாத இளைஞர்களும் இருந்தனர். இழக்கும்போதுதான் பொருளின் அருமை தெரிகிறது என்பது பழமொழி அன்று, பட்டறிவு.

பாதுகாப்பும் பயன்பாடும்

டேங்க் ரோடு நிலையம் மூடப்பட்டபின் அடையாளமின்றி மறைந்தது. தஞ்சோங் பகாருக்கு அந்தக் கதி நேரவில்லை. 2011 ஏப்ரலில், வண்டி நிற்பதற்கு முன்னரே, இந்நிலையம் தேசியச் சின்னமாக அறிவிக்கப்பெற்றது. தண்டவாளங்கள் பெரும்பாலும் அகற்றப்பெற்று மலேசியாவிடம் ஒப்படைக்கப்பெற்றன. ஆயினும் பாதை சென்ற நிலம் துண்டுதுண்டாகக் கூறுபோடப்படவில்லை. தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ்வரை ஏறத்தாழ 24 கிலோமீட்டர் நீளத்திற்குப் பசுமை நடைவழியாக அதைக் காக்கவேண்டுமென்று பொதுமக்கள் வேண்டினர், அரசாங்கம் இசைந்தது. புக்கிட் தீமாவிலுள்ள சிறு நிலையமும் செப்பனிடப்பெற்று 2022-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அங்கே தண்டவாளத்தில் ஒரு பகுதியையும் இரும்புப் பாலத்தையும் இன்றும் காணலாம்.

தஞ்சோங் பகார் மண்டபம் சில ஆண்டுகள் கண்காட்சிகளுக்கும் விழாக்களுக்கும் இடம் தந்தது. பின்னர் 2016-இன் முடிவில் அதுவும் நின்றது. இம்முறை மற்றோர் இரயிலுக்காக. எம்.ஆர்.டி. வட்டப்பாதை அதுவரை முழுவட்டம் ஆகாமல் ஹார்பர்பிரண்டுக்கும் மரினா பேக்கும் இடையே இடைவெளியுடன் இருந்தது. சுமார் நான்கு கிலோமீட்டர் நீளமுள்ள அந்த இடைவெளியை நிரப்பும் ஆறாம் கட்டத்தில் கெப்பல், கண்டோன்மென்ட், பிரின்ஸ் எட்வர்ட் ரோடு என மூன்று நிலையங்கள். இவற்றுள் கண்டோன்மென்ட் நிலையம் பழைய நடைமேடைகளின் அடியிலேயே தோண்டப்பெற்றது. தோண்டும்பொருட்டு நடைமேடையின் ஒரு பகுதியையும் மேற்கூரையின் ஒரு பகுதியையும் கவனமாகக் கழற்றிப் பாதுகாத்து, மீண்டும் அவ்விடத்திலேயே பொருத்துவதென்பது திட்டம். திறப்பு 2026-ஆம் ஆண்டுக்கென அறிவிக்கப்பெற்றது. கோலாலம்பூர் வண்டி நின்ற இடத்தின்கீழ் நகர வண்டி நிற்க, மேலே உள்ள மாளிகையைச் சமூகப் பொது இடமாக ஆக்குவதென்பது நகர அமைப்பாளரின் கருத்து.

பிற நாட்டு அனுபவம்

பழைய நிலையத்தை என்செய்வது என்னும் வினா நமக்கு மட்டும் உரியதன்று. பாரிஸ் நகரில் 1900-இல் கட்டப்பெற்ற ஓர்சே நிலையம், நடைமேடைகள் நீண்ட வண்டிகளுக்குப் போதாமையால் 1939-இல் தொலைதூர வண்டிகளை இழந்தது. இடித்துவிடவும் எண்ணினர். முடிவில் 1986-இல் அது ஓவிய அருங்காட்சியகமாகி உலகப்புகழ் எய்தியது. இலண்டனில் 1868-இல் தோன்றிய செயின்ட் பாங்கிராஸ் நிலையம் 1960-களில் அழிவின் விளிம்பில் நின்றது. அன்பர்கள் போராடி 1967-இல் அதனைப் பாதுகாக்கச் செய்தனர். நாற்பது ஆண்டுகள் கழித்து, 2007-இல், கடலடிச் சுரங்கவழியே ஐரோப்பாவுக்குச் செல்லும் வண்டிகளின் முனையமாக அது மீண்டும் எழுந்தது.

கோலாலம்பூரில், ஏ. பி. ஹப்பாக் வரைந்த 1910-ஆம் ஆண்டின் நிலையம் கோபுரமும் குவிமாடமுமாக நிற்கிறது. 2001-இல் நெடுந்தூர வண்டிகள் புதிய சென்ட்ரல் நிலையத்திற்கு மாறியபின் அதன் பெருங்கூட்டம் குறைந்தது. புறநகர் வண்டிகள் அங்கே நின்று செல்கின்றன. வண்டி நிற்பினும் மாளிகையின் பெரும்பகுதி மக்கள் வாழ்வோடு ஒட்டவில்லை.

இம்மூன்றிலிருந்தும் நாம் பெறும் பாடம் யாது? அருங்காட்சியகமாகலாம், மீண்டும் நிலையமாகலாம், இரண்டும் நன்றே. வண்டி மட்டும் வந்து, மாளிகை வெறுமையாகக் கிடப்பின் அது அரை மறுமலர்ச்சியே. கண்டோன்மென்டில் இறங்கும் பிரயாணி மின்படியேறி நேரே அலுவலகம் சென்றுவிட்டால், பளிங்கு உருவங்கள் நான்கும் முன்போலவே வெறிதே நிற்கும். நிலவறையில் வரும் கூட்டத்தை மண்டபத்திற்குள் ஈர்ப்பது எது என்பதே இனி விடை காணவேண்டிய வினா. உணவுக்கடையும் விற்பனைக்கடையும் சிறிது ஈர்க்கும். எனினும் அவை நகரெங்கும் உள்ளவை. தஞ்சோங் பகாரில் மட்டுமே கிடைக்கக்கூடியது அதன் வரலாறு ஒன்றே.

“இது பிற நாட்டார் உரிமையாக இருந்த நிலையம், பூசலுக்குக் காரணமாக இருந்தது, அதை ஏன் போற்றவேண்டும்?” என்று கேட்போரும் உளர். பூசல் நில உரிமை பற்றியது, அது தீர்ந்தது. நிலையத்தின்வழி வந்தவரும் போனவரும் பாதையில் உழைத்தவரும் இரு நாட்டுக்கும் பொதுவான மக்கள். அவர்கள் நினைவை எந்த உடன்பாடும் பங்கு பிரிக்கவில்லை, பிரிக்கவும் இயலாது.

நாம் செய்யத்தக்கது

மண்டபத்துச் சுவரில் இரப்பர் மரம் சீவுவோர்க்கு இடமுண்டு. ஈயம் எடுப்போர்க்கு இடமுண்டு. சல்லி கொட்டித் தண்டவாளம் இட்டவர்க்கும், விளக்கேந்திச் சைகை காட்டியவர்க்கும், சயாமுக்கு ஏற்றிச் செல்லப்பட்டுத் திரும்பாதவர்க்கும் அங்கே ஒரு மூலை வேண்டுமென்று கேட்பது பேராசை ஆகாது. நான்கு மொழிகளிலும் அவர்கள் கதை அங்கே எழுதப்பெறுதல் வேண்டும். ஆனால், அவ்வாறு கேட்குமுன் நம் கையில் சான்று இருக்கவேண்டும். ‘எங்கள் முன்னோர் உழைத்தனர்’ என்று மேடையில் முழங்கினால் போதாது. யார், எந்த ஆண்டில், எந்தப் பகுதியில், என்ன வேலை செய்தார் என்று காட்டுதல் வேண்டும்.

இப்பணிக்குத் தமிழாசிரியர்களைவிடத் தகுதி உடையோர் இலர். இரயில்வேயில் பணியாற்றிய குடும்பங்கள் சிங்கப்பூரிலும் ஜொகூரிலும் கோலாலம்பூரிலும் பல உள்ளன. பழைய ஊதியச் சீட்டு, இலவசப் பயணச் சீட்டு, குடியிருப்பின் புகைப்படம், பாதையோரக் கோயில் திருவிழாவின் அழைப்பிதழ் முதலியன பெட்டியின் அடியில் செல்லரித்துக் கிடத்தல் கூடும். உயர்நிலைப் பள்ளி மாணவர் தத்தம் குடும்பத்து முதியோரை அணுகி, அவர்கள் கூறுவதை அவர்கள் சொல்லிலேயே பதிவுசெய்து, கட்டுரையாக்கலாம். சிங்கப்பூரில் வாய்மொழி வரலாற்றுக்கென 1979 முதற்கொண்டே அரசாங்க அமைப்பு ஒன்று இயங்கிவருகிறது. திரட்டியதை அத்தகைய இடங்களுக்கு அளித்தால் அது நிலைபெறும். தமிழ்ப் பயிற்சிக்கும் இதனினும் சிறந்த பொருள் இல்லை. ‘கட்டை’, ‘சல்லி’, ‘கங்காணி’, ‘லயம்’ முதலாக இரயில்வேத் தமிழர் நாவில் வழங்கிய சொற்கள் மறைந்துகொண்டிருக்கின்றன.

காலம் குறைவு. 2011-இல் கடைசி வண்டி புறப்பட்டபோது ஐம்பது வயதினராக இருந்த தொழிலாளி இன்று அறுபதைக் கடந்துவிட்டார். போர்க்காலத்தைக் கண்டவர் தொண்ணூறை எட்டியிருப்பர். மாளிகையைக் காக்கச் சட்டம் உண்டு. முதியோர் நினைவைக் காக்க நாம் அன்றி வேறு காவல் இல்லை. குவீன்ஸ்வேயில் பலகைக் குடிலை எழுப்பியவர்கள் பொருள் படைத்தவர்கள் அல்லர். ஆயினும் தாம் எழுப்பியதைத் தம் மக்கள் கையில் ஒப்படைத்துச் சென்றனர். அதனால் அது நிலைத்தது. தஞ்சோங் பகாரும் அவ்வாறு ஒப்படைக்கப்பெறுதல் வேண்டும். வண்டியைக் கொண்டுவர அரசாங்கம் முனைந்துள்ளது. வரலாற்றைக் கொண்டுசேர்க்கும் கடமையைத் தமிழ்ப் பள்ளிகளும் தமிழ் வகுப்புகளும் தமிழ்ச் சங்கங்களும் இந்த ஆண்டே மேற்கொள்ளுமாக.